ஒரு டிஷ், எட்டு வூடு

“இன்னும் கொஞ்சம் திருப்பு. ஆங், வந்திச்சி. போச்சி. நீ எதுக்கு அசையுற, எங்க கீறியோ அங்கயே நில்லு.”

செல்வராஜ் அண்ணன் தெருவில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்துக் கத்துகிறார். நான் அவர் வீட்டு மொட்டை மாடியில் டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறேன். சித்திரை வெயில், தரை காலைப் பொசுக்குகிறது. நான் அசையாமல் டிஷ் எப்படித் திரும்பும் என்று கேட்கலாம். வாயில் ஸ்பேனர்.

டிஷ் வேலை என்பது பாதி வானத்தோடு, பாதி கீழே நிற்கிறவர்களோடு. வானத்தால் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

நான் பிளஸ் ஒன்னோடு ஸ்கூலை விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்காதவர்கள் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது உத்திரமேரூரில் ரவி அண்ணன் கடையில் வேலை. இந்தத் தெரு அங்கிருந்து வண்டியில் கொஞ்ச தூரம், ஏரிக்கரை ஓரமாக. வரிசையாக எட்டு வீடு. முதல் வீடு செல்வராஜ் அண்ணனுடையது, நிலம் நீச்சு உள்ளவர், மாடி வீடு. மற்ற ஏழும் பழைய தொகுப்பு வீடுகள். மேலே ஏறப் படி கிடையாது, டிஷ் வைத்தால் குரங்கு ஊஞ்சல் ஆடும். அதனால் அவர் மாடியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிஷ். அதிலிருந்து ஒரு வயர் வந்து ஸ்பிளிட்டர் என்கிற சின்ன டப்பாவில் எட்டாகப் பிரிந்து எட்டு வீட்டுக்கும் போகிறது. மாதச் சந்தா இல்லாத இலவச சேனல்கள். கடைசி வீட்டுக்கு வயர் நீளம், சிக்னல் குறைவு. படம் உறைந்தால் முதலில் அங்கேதான் உறையும்.

அந்தக் கடைசி வீடு பாக்கியம் அக்காவுடையது. அங்கே படம் உறைவது உங்கள் வீட்டில் உறைகிற மாதிரி இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் கன்னியப்பன் குடியை விட்டிருக்கிறார். விட்டார் என்றால், விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து ராத்திரி சோறு வரைக்கும் பழைய படம் பார்க்கிறார், அதுதான் விட்டது. படம் ஓடினால் அவர் சட்டை ஆணியில் தொங்கும். படம் நின்றால் எழுந்து சட்டையை எடுப்பார். எங்கே போக என்று நான் எழுத வேண்டியதில்லை. முதல் நாளே அக்கா என்னிடம் சொல்லிவிட்டது: “தம்பி, எனுக்குப் படம் கூட வாணாம். அந்தச் சட்ட ஆணியில தொங்கணும், அவ்ளோதான்.”

எது வந்திச்சி?

டிஷ்ஷைச் சரியாகத் திருப்ப மீட்டர் என்று ஒன்று உண்டு. எங்கள் கடையில் ஒன்று இருக்கிறது, அது ரவி அண்ணன் போகிற இடத்துக்குப் போகும். எனக்கு மீட்டர் என்றால் ஜனங்கள் வாய்தான். நான் மேலே திருப்புவேன். கடைசி வீட்டில் பாக்கியம் அக்கா டிவியைப் பார்த்துக் கத்தும். ஐந்தாவது வீட்டு ஜெசிந்தா அக்கா அதைக் கேட்டு முன்பக்கம் கத்தும். செல்வராஜ் அண்ணன் அதை எனக்குக் கத்துவார். கடைசி வீட்டில் வந்துவிட்டால் எட்டு வீட்டிலும் வந்த மாதிரி, அதனால் பாக்கியம் அக்கா சொல்வதுதான் கணக்கு.

ஒரு நாள் எவ்வளவு திருப்பியும் ஒன்றும் இல்லை. கை மரத்துவிட்டது. திடீரென்று கடைசி வீட்டிலிருந்து “வந்திச்சி” என்று சத்தம். அடுத்த வீட்டில் “வந்திச்சி”. அப்புறம் தெரு முழுக்க “வந்திச்சி, வந்திச்சி”. அந்தத் தெருவில் அத்தனை ஒற்றுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படியே போல்ட்டுகளை இறுக்கி, திருப்பின இடத்துக்கு மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, பெருமையாக இறங்கினேன்.

ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. டிவிகளில் எல்லாம் ‘சிக்னல் இல்லை’ என்று நீலத் திரை. ஜனம் மொத்தமும் குடத்தோடு பஞ்சாயத்துக் குழாயடியில். வந்தது தண்ணி.

“டிவி வந்தா டிவி வந்திச்சின்னு சொல்லணும், தண்ணி வந்தா தண்ணி வந்திச்சின்னு சொல்லணும்” என்று ஜெசிந்தா அக்காவிடம் எரிந்து விழுந்தேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே அது சொன்னது: “தண்ணிக்குப் பேரு வேற சொல்லணுமாடா? இந்தத் தெருவுல வந்திச்சின்னா அது ஒண்ணுதான். உன் பொட்டியில யாரோ வராங்கன்னா குடத்தத் தூக்கினு ஓடுவோமா?”

மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள்

அப்புறம்தான் புரிந்தது. அந்தத் தெரு சிக்னலையே தண்ணியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. குழாய்த் தண்ணியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். முன்னால் இருக்கிற வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாமல் குழாயில் ஒரு மோட்டாரைச் சொருகுவார், கடைசி வீட்டில் காத்துதான் வரும். டிஷ்ஷும் மேலே இருக்கிறது, வயரும் முதல் வீட்டிலிருந்துதான் வருகிறது, கடைசி வீட்டில்தான் படம் நிற்கிறது. வேறு எப்படி நினைப்பார்கள்?

பாக்கியம் அக்கா அதற்கும் மேலே ஒரு படி போனது. “முன் வூட்ல மோட்டார் போட்டாக்கா எங்க வூட்ல படம் நின்னுபூடுது தம்பி. நான் பாத்துக்கினுதான கீறேன்.” செல்வராஜ் அண்ணன் வீட்டு மோட்டார் போர்த் தண்ணியை மாடி டேங்க்குக்கு ஏற்றுகிற மோட்டார். அதற்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம்?

நான் மண்ணில் குச்சியால் படம் போட்டே காட்டினேன். இது டிஷ், இது வயர், இது ஸ்பிளிட்டர். தண்ணிக்கு மோட்டார் வைத்து இழுக்கலாம், சிக்னலை அப்படி இழுக்க முடியாது, நீங்க பேஜார் ஆகாதீங்க என்றேன். அக்கா குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டது. பிறகு, “நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா மோட்டார் போட்டா போவுது” என்றது. நான் படிக்கவில்லை, பாதியில் நின்றவன் என்று உண்மையைச் சொன்னேன்.

“படிக்காமயே இவ்ளோ தப்பா சொல்றியே, முழுசா படிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?”

பூஸ்டர்

செல்வராஜ் அண்ணன் காஞ்சிபுரம் போனவர் ஒரு பூஸ்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சிக்னல் வீக் என்றால் பூஸ்டர் கொடுக்க வேண்டும், உடம்பு வீக் என்றால் டானிக் கொடுக்கிற மாதிரி. வேண்டாம் என்றேன். மாட்டு என்றார். மாட்டினேன்.

டிவி மெனுவில் போய்ப் பார்த்தால் இரண்டு பட்டை தெரியும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரெங்த் என்று ஒன்று, குவாலிட்டி என்று ஒன்று. முதலாவது எவ்வளவு வருகிறது என்பது, இரண்டாவது வருவதில் எவ்வளவு உருப்படி என்பது. எல்லோரும் முதலாவதையே பார்ப்பார்கள். டிஜிட்டல் டிவிக்கு இரண்டாவதுதான் வேண்டும். பூஸ்டர் நல்லதை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெரிசாக்காது, கூட வருகிற இரைச்சலையும் பெரிசாக்கும். கடைசி வீட்டில் போய்ப் பார்த்தேன். முதல் பட்டை முக்கால்வாசி நிறைந்திருந்தது. இரண்டாவது முன்பைவிடச் சின்னதாகிவிட்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது.

இந்த இரண்டு பட்டைக் கதையை அக்காவிடம் சொன்னேன். அது டிவியைப் பார்த்தது, கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த கன்னியப்பனைப் பார்த்தது. “ஸ்ட்ரென்த் கீது, குவாலிட்டி இல்ல. புரியுது, புரியுது.”

கன்னியப்பன் படுத்தபடியே கேட்டார். “பொட்டியப் பாத்து சொல்றியா, என்னப் பாத்து சொல்றியா?”

“எதப் பாத்து சொன்னா இன்னா? பொழுது சாஞ்சா ரெண்டையும் வூட்ல நிறுத்திவைக்க முடியல.”

சந்தனம்

பூஸ்டரைக் கழற்றிய பிறகு கொஞ்ச காலம் நிம்மதி. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலேயே ஃபோன், எட்டு வீட்டிலும் ஒன்றும் இல்லை என்று. மழை இல்லை, காற்று இல்லை. குரங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

டிஷ், நான் பிறகு சரிபார்த்துப் போட்ட கோட்டில் அப்படியே இருந்தது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியின் நுனியில் மூக்கு மாதிரி ஒன்று இருக்கும், வானத்திலிருந்து வருவதை டிஷ் அந்த மூக்கில்தான் குவிக்கும். அந்த மூக்கின் முகம் முழுக்க ஈரச் சந்தனம், விரல் கனத்துக்கு. நடுவில் குங்குமம். செல்வராஜ் அண்ணன் வீட்டுக்கார அம்மா சந்திரா அக்கா, டிராக்டர், மோட்டார், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, தெருவுக்கே படம் காட்டுகிற சாமானை விடுவானேன் என்று மாடி ஏறி வந்து வைத்திருக்கிறது. மற்ற சாமானுக்கு எங்கே வைத்தாலும் ஒன்றுதான். இதற்கு அந்த ஒரு இடத்தில் வைக்கக் கூடாது. சரியாக அந்த இடம்.

இதில் ஒரு விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. முந்தின நாள் சாயங்காலம் சட்டை ஆணியில் இல்லை. பாக்கியம் அக்கா மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே போய், பஸ் ஏறுவதற்குள் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறது. தெருவே பார்த்திருக்கிறது. இதை ஜெசிந்தா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஈரத் துணியால் துடைத்ததும் படம் வந்துவிட்டது. இனிமேல் இங்கே எதுவும் பூசாதீங்க என்றேன். சந்திரா அக்காவுக்குக் கோபம். “டிராக்டருக்கு வெச்சேன், ஓடுது. மிக்ஸிக்கு வெச்சேன், ஓடுது. உன் டிஷ்ஷுக்குத்தான் சாமி ஆவல. வெச்ச கையில குத்தமா, வாங்கிக்கினு நின்ன மூஞ்சில குத்தமா?”

ஏழு போதும்

ஐப்பசி பிறந்ததும் சாயங்காலம் சாயங்காலம் படம் உறைய ஆரம்பித்தது. முன்பு கடைசி வீட்டில் மட்டும் உறைந்தது, இப்போது ஐந்தாவது வீடு வரைக்கும். காலையில் நான் போய்ப் பார்த்தால் எட்டிலும் நன்றாக ஓடும். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இதைவிட எரிச்சல் கிடையாது. டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுப் போகிற மாதிரி.

செல்வராஜ் அண்ணன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு டிஷ்ஷுக்கு எட்டு வீடு அதிகம். கடைசியாகச் சேர்ந்தது பாக்கியம் வீடு. குழாயில் கடைக்கோடி வீட்டை அடைத்தால் முன்னால் வேகமாக வருமா வராதா? வரும். அப்ப இதுவும் வரும். தெருவில் ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. ரோட்டில் கையைப் பிடித்து இழுத்து வந்த குடும்பத்துக்காக யார் பேசுவார்கள்?

எனக்கு விஷயம் தெரியும், அதனால் கடையில் ரவி அண்ணனிடம் சொன்னேன். எட்டு வழி ஸ்பிளிட்டர் என்றால் எட்டாகத்தான் வெட்டும். தர்பூசணியை எட்டுத் துண்டு போட்ட பிறகு ஒருத்தர் சாப்பிடவில்லை என்றால் மற்ற ஏழு துண்டும் பெரிசாகுமா? கடைசி வயரைப் பிடுங்கினால் கடைசி வீட்டில் படம் போகும், வேறு ஒன்றும் நடக்காது.

அவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், இது அவருக்குத் தெரியாமல் இல்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: “போயி எட்டாவத புடுங்கிட்டு வாடா. சிக்னல் ஏறுதோ இல்லியோ, செல்வராஜு ஃபோன் பண்றது நிக்கும்.”

கடைசி வீடு

சாயங்காலம் போனேன். கையில் கட்டிங் பிளேயர். தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. பாக்கியம் அக்கா தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. நான் வண்டியை நிறுத்தியதைப் பார்த்தது. சண்டை போடும் என்று நினைத்தேன், போடவில்லை.

மாடியில் ஸ்பிளிட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டாவது வயர் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். கீழே சந்திரா அக்கா மோட்டார் போட்டது. கொஞ்ச நேரத்தில் என் பிடரியில் சொட்டென்று ஒன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் டேங்க் நிரம்பி வழிகிறது. வழிகிற தண்ணி சுவரோடு இறங்கி, டிஷ்ஷிலிருந்து வருகிற மெயின் வயரின் மேல் போகிறது. அந்த இடத்தில் ஒரு ஜாயின்ட், மேலே கறுப்பு டேப். டேப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதனால்தான் காலையில் வந்தபோதெல்லாம் நான் அதைத் தொடவில்லை. பிரித்தேன். உள்ளே இருந்து தண்ணி ஒழுகியது. செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது.

சாயங்காலம் மோட்டார் போடுவார்கள், டேங்க் வழியும், ஜாயின்ட் நனையும், எட்டு வீட்டுக்கும் சிக்னல் இறங்கும். கிட்டே இருக்கிற வீடுகள் தாக்குப்பிடிக்கும், கடைசி வீடு விழும். காலைக்குள் காய்ந்துவிடும். முன் வீட்டில் மோட்டார் போட்டால் பின் வீட்டில் படம் போகிறது. மண்ணில் குச்சியால் நான் போட்ட படமும் சரிதான், ஆனால் அதில் டேங்க் இல்லை.

கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்தேன். புது கனெக்டர் போட்டு, வயரைத் தண்ணி படாத பக்கமாகத் திருப்பிக் கட்டினேன். நான் வெட்டியதைக் கீழே இருந்து எல்லோரும் பார்த்தார்கள். முதல் வீட்டிலிருந்து “வந்திச்சி” என்று சத்தம் வந்தது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. இந்தத் தடவை எட்டிப் பார்த்தேன், குழாயடியில் யாரும் இல்லை. ஏழு வீட்டிலிருந்தும் சத்தம் வந்தது. எட்டாவதிலிருந்து வரவில்லை.

இறங்கி வந்தபோது செல்வராஜ் அண்ணன் ரொம்பக் குஷியாக இருந்தார். “பாத்தியா, ஒண்ணக் கழிச்சதும் எப்டி கீது பாரு.” ஒன்றையும் கழிக்கவில்லை, உங்க டேங்க்தான் வழியுது, அதைப் பாருங்க என்றேன். “ஆங், ஆங்” என்று சொல்லிக்கொண்டே டிவி பார்க்க உள்ளே போய்விட்டார்.

கடைசி வீட்டில் டிவியையே போடவில்லை. கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தார், சட்டையில் ஒரு கை நுழைந்திருந்தது. அக்கா வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை, அவர் வெளியே போக வேண்டும் என்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“டிவியப் போடுக்கா.”

“இன்னாத்துக்கு? நீ வெட்டுனத நானே பாத்தனே.”

“வெட்டுனது வேற. போடு.”

அது அசையவில்லை. கன்னியப்பன்தான் சட்டை போடாத கையால் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். படம் வந்தது. ஒரு புள்ளி உடையவில்லை. யாரோ யாரையோ வைக்கோற்போரில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு கை சட்டைக்குள், மற்ற பாதி முதுகில் தொங்கிக்கொண்டு.

அக்கா இந்தத் தடவை கத்தவில்லை. திரும்பி அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது: “தம்பி, பாதி சட்டையில கீறாரே, இத வந்திச்சில சேக்கறதா, போச்சில சேக்கறதா?”

ஃபோன்

ரோட்டுக்கு வந்து ரவி அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். பிடுங்கவில்லை, ஜாயின்ட்டில் டேங்க் தண்ணி இறங்கியிருந்தது, மாற்றிவிட்டேன், எட்டிலும் வருகிறது என்று உள்ளதைச் சொன்னேன். அந்தக் கறுப்பு டேப் அவர் சுற்றியது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“சரி வுடு. செல்வராஜு கிட்ட மட்டும் எட்டாவத புடுங்கிட்டன்னே சொல்லிட்டு வா. பெரிய மனுசன், அவரு சொன்னபடியே நடந்ததா இருக்கட்டும்.”

பிடுங்கு என்றார், பிடுங்கவில்லை, பிடுங்கியதாகச் சொல் என்றார், அதையும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், டிஷ் வேலையில் இதுவரை நான் ஒழுங்காகச் செய்தது இந்த இரண்டைத்தான்.